சிவப்புக் கண்ணை நீக்கும் பட்டன்

பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு முந்தைய மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். போட்டோவை எந்த சாஃப்ட்வேரில் திருத்துவது என்பதற்கு. ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் என் கொழுந்தன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல எந்தப் பக்கமும் சேராமல் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கொழுந்தன் இங்கே பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலேயே ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று எல்லாம் அவன் கை பட்டுத்தான் அச்சுக்குப் போகும். பேனர் கட்டக் கூடாது என்று மாநகராட்சி சொல்லும், ஆள் அனுப்பிக் கிழித்துக்கொண்டும் போகும். ஆனாலும் எங்கள் சந்து முனையில் பேனர் தொங்காத வாரம் கிடையாது. அண்ணன் மகளுக்கு முதல் பிறந்தநாள் என்றால் சும்மா விடுவானா? பத்தடிக்கு ஃப்ளெக்ஸ், நடுவில் பாப்பா முகம், கீழே வட்ட வட்டமாக அத்தை, மாமா, சித்தப்பா முகங்கள், ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ என்று அவன் மனசுக்குள் ஏற்கெனவே கட்டி முடித்திருந்தான்.

நான் ஆம்பூர் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர்கள் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டிலும் ஓவர்டைம் பார்க்கிறாள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

“அண்ணி, நீங்க போன்ல எடிட் பண்றதெல்லாம் வாட்ஸ்அப்புக்குத்தான் சரி. பத்தடிக்கு இழுத்தா முகம் பொரிப்பொரியா உடஞ்சிடும்” என்றான் கொழுந்தன்.

“உன் சாஃப்ட்வேரைத் தொறந்தா விமானம் ஓட்டற மாதிரி இருக்குது. எனக்கு ஒரு பட்டன் போதும்பா” என்றேன் நான்.

நான் வைத்திருந்தது இலவசமாக வருகிற சாதாரண ஆப். வெளிச்சம் கூட்டலாம், ஓரத்தை வெட்டலாம், முகத்தில் இருக்கும் புள்ளியைத் துடைக்கலாம். சிவப்புக் கண்ணை நீக்குவதற்கென்று தனியாக ஒரு பட்டன் உண்டு. எங்கள் வீடு நெருக்கமான சந்தில் இருப்பதால் பட்டப்பகலிலும் ஃப்ளாஷ் போட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். ஃப்ளாஷ் போட்டால் பிள்ளைகளின் கண் செக்கச்செவேல் என்று விழும். பட்டனைத் தட்டினால் கறுப்பாகிவிடும். பாப்பா பிறந்ததிலிருந்து எடுத்த படங்களை எல்லாம் அப்படித்தான் சரிசெய்து, பழைய படத்தின் மேலேயே சேமித்து, ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது.

கொழுந்தன் பேனருக்குத் தேர்ந்தெடுத்தது பாப்பா நீலக் கவுனில் வாயெல்லாம் சிரிப்பாக இருக்கும் படம். மறுநாள் கடையிலிருந்து போன் செய்தான்.

“அண்ணி, லெஃப்ட் கண்ணுல என்ன மையை அப்பி வச்சிருக்கீங்க? பெருசு பண்ணா திட்டுத்திட்டா தெரியுது.”

“அந்தக் கண்ணுல ஃப்ளாஷ் பட்டு வெள்ளையா விழுந்துது. பட்டன் தட்டினாலும் போகல. அதான் புள்ளி அழிக்கறதை வச்சுத் துடைச்சேன்.”

“பத்தடி பேனர்ல கண்ணு சாப்பாட்டுத் தட்டு சைஸுக்கு வரும் அண்ணி. ஒரிஜினல் அனுப்புங்க, நான் சுத்தமா பண்ணிடறேன்.”

ஒரிஜினல் இல்லை. அதன் மேலேயேதான் சேமித்துவிட்டேனே. அதைச் சொன்னதும் அவன் சிரித்தான். பெரிய கம்பெனியில் வேலை செய்கிற அண்ணி என்று கிண்டல் வேறு. எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. என் பிள்ளை முகத்தை நானே சரிசெய்துகொள்கிறேன், உன் சாஃப்ட்வேர் என்ன பெரிய மலையா என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்பில் அவன் வைத்திருக்கும் அதே சாஃப்ட்வேரை இறக்கினேன். கொஞ்ச நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், பிடித்தால் மாதா மாதம் கட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் போனிலிருந்து நான் கை வைக்காத படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டேன். அது புதுப் போன், கடைசி இரண்டு மாதப் படங்கள்தான் இருந்தன. பாப்பா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் பாயில் படுத்திருந்தார். திரை முழுவதும் என்னென்னவோ சின்னச் சின்னக் குறிகள். ஒன்றும் புரியாமல் தமிழில் ஒருவர் பாடம் எடுக்கும் வீடியோவைப் போட்டேன்.

மனிதர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போனார். ஃப்ளாஷ் வெளிச்சம் கண்மணி வழியாக உள்ளே போய், பின்சுவரில் இருக்கும் ரத்த ஓட்டத்தில் பட்டுத் திரும்புகிறது, அதனால்தான் சிவப்பு. நல்ல கண்ணுக்கு அது இயல்பு. சாஃப்ட்வேர் அந்தச் சிவப்பு வட்டத்தைத் தேடிப் பிடித்துக் கறுப்பாக்குகிறது. இவ்வளவுதான் விஷயம், அடுத்து தோல் நிறம் திருத்துவதைப் பார்ப்போம் என்றார்.

நான் வீடியோவை நிறுத்தினேன். பட்டன் சிவப்பைத்தான் தேடும். பாப்பாவின் இடது கண்ணில் சிவப்பு இல்லை, அதனால்தான் பட்டன் அதைத் தொடவில்லை. அப்படியானால் ஆப்பில் கோளாறு இல்லை. வெளிச்சம் உள்ளே போய் வேறு எதன் மேலோ பட்டுத் திரும்புகிறது. 

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கோளாறு கண்ணில் பட்டால் உடனே சத்தம் போட மாட்டோம். வேறு மெஷினில் வருகிறதா, வேறு நேரத்தில் வருகிறதா, மறுபடி மறுபடி வருகிறதா என்று பார்ப்போம். வரவில்லையென்றால் விட்டுவிடுவோம். எனக்கு அன்றைக்கு அது வராமல் போக வேண்டும் என்றிருந்தது. என் வீட்டுக்காரர் போன் படங்களைத் திறந்து கண்ணை மட்டும் பெரிதாக்கினேன். வெள்ளை. அடுத்த படம், மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் அவர் தோளில் இருக்கிறாள், வெள்ளை. போன மாதம் என் அம்மா வந்திருந்தபோது அவள் போனில் எடுத்து அனுப்பியது, அதிலும் வெள்ளை. எப்போதும் இடது கண். மேலே மினுங்கும் பொட்டு வெளிச்சம் மாதிரி இல்லை. கண்மணி முழுக்க, கொஞ்சம் மஞ்சள் கலந்து, இருட்டில் பூனைக்குத் தெரிவதுபோல் இருந்தது. பெரிதாக்கினால் உடையாமல் தெளிவாகக் காட்டுவதுதான் அந்த சாஃப்ட்வேரின் பெருமை. அது காட்டிக்கொண்டே போனது.

இணையத்தில் தேடினேன். குழந்தை ஒரு பக்கமாகப் பார்க்கும்போது நல்ல கண்ணிலும் வெள்ளை விழலாம் என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குக் கீழே இருந்த வரிகளையும் படித்தேன். அவற்றை இங்கே எழுதக் கை வரவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன். 

தூளி அசைந்தது. பாப்பா எழுந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன். முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, கீழேயிருந்து என்று ஃப்ளாஷ் போட்டு எடுத்துத் தள்ளினேன். அவளுக்கு விளையாட்டு. ஒவ்வொரு மின்னலுக்கும் கை தட்டினாள். நேராகப் பார்த்தபோதும் வெள்ளை, பக்கமாகப் பார்த்தபோதும் வெள்ளை.

சத்தத்தில் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“சும்னே பயப்படாத. போன் கேமரா லெவல் அவ்ளோதான். சில்லறை விஷயத்துக்கெல்லாம் பேஜார் ஆயிடற நீ” என்றார்.

“மூணு போன்லயும் அதே கண்ணா? சாவிக்கொத்தை எடுங்க” என்றேன்.

பாப்பாவுக்கு அவருடைய சாவிக்கொத்து என்றால் உயிர். என் உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணை மூடினேன். அவர் சாவியைச் சத்தமில்லாமல் முன்னால் பிடித்தார். லபக் என்று பறித்தாள். கொஞ்சம் ஆறவிட்டு வலது கண்ணை மூடினேன். சாவி அதே இடத்தில்தான் இருந்தது. அவள் அசையவில்லை. அப்புறம் என் கையைத் தள்ளினாள். நான் எடுக்கவில்லை. அவர் சாவியை லேசாகக் குலுக்கினார். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கையை நீட்டிக் காற்றைத் துழாவினாள். பிறகு வீறிட்டு அழுதாள்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினைந்தாவது மாடியில் இருட்டுக் கிணற்றுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வேலை செய்கிறவர். அவர் சாவிக்கொத்தைக் கண்ணில் படாதபடி அலமாரிக்குப் பின்னால் வைத்தார். பாப்பாவை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே நடந்தார்.

அன்று பிறகு என்ன சமைத்தேன், சமைத்தேனா இல்லையா என்பதுகூட நினைவில்லை. அவளுடைய இடது பக்கமாக உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதும் முதலில் கோபம்தான் வரும். அன்றைக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

காலையில் கண் ஆஸ்பத்திரியில் முதல் ஆளாக நின்றோம். டாக்டரம்மா சின்ன வயசு. டார்ச் அடித்துப் பார்த்தார், சொட்டு மருந்து விட்டு உட்காரச் சொன்னார், மறுபடி பார்த்தார். முதல் தடவை பாப்பாவிடம் கொஞ்சிப் பேசிக்கொண்டே பார்த்தவர், இரண்டாவது தடவை கொஞ்சவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, “யாவாகிந்த?” என்றார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்கிறார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

“பழைய போட்டோஸ் இருந்தா காட்டுங்கம்மா. எப்ப ஆரம்பிச்சுதுன்னு ஒரு ஐடியா கிடைக்கும்” என்று டாக்டர் தமிழிலேயே சொன்னார்.

போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனேன். குப்புற விழுந்த நாள், தவழ்ந்த நாள், பல் முளைத்த நாள். எல்லாப் படத்திலும் இரண்டு கண்ணும் கறுகறுவென்று அழகாக மின்னின. என் போனில் என் மகளுக்கு ஒரு நோயும் இல்லை. “எடிட் பண்ணாதது இல்லையா?” என்று டாக்டர் கேட்டார். பழையது எதுவும் இல்லை என்று நான் தலையை ஆட்டினேன்.

கொழுந்தனுக்குப் போன் போட்டோம். பைக்கில் அவசரமாக லேப்டாப் பையோடு வந்து சேர்ந்தான். ஆறாவது மாதம் பாப்பாவுக்கு முதன்முதலில் சோறூட்டிய அன்று அவன் தன் போனில் ஒரு படம் எடுத்து, பலூன் எல்லாம் வைத்து வாழ்த்து அட்டை செய்திருந்தான். அவனுடைய சாஃப்ட்வேரில் எதைச் செய்தாலும் அது தனித்தனி அடுக்காக மேலே நிற்கும், அடியில் அசல் படம் அப்படியே இருக்கும். டாக்டர் மேசையில் லேப்டாப்பை வைத்து ஒவ்வொரு அடுக்காக மறைத்தான். எழுத்து போயிற்று. பலூன் போயிற்று. முகத்தின் பளபளப்பு போயிற்று. கடைசியாகக் கண் என்று ஒரு அடுக்கு இருந்தது. அதை மறைத்ததும் அந்த வெள்ளை வந்தது. கடுகளவுக்கு, ஆனால் இருந்தது.

“நான்தான் அண்ணி இதை மூடியிருக்கேன். எனக்கு ஞாபகமே இல்ல. எந்தப் படம் வந்தாலும் முதல்ல கண்ணை சரி பண்றது கைப்பழக்கம்” என்றான்.  டாக்டர் அவன் தோளைத் தட்டி, “இதை நெனச்சு இப்ப டைம் வேஸ்ட் பண்ண வேண்டாம்” என்றார். ஆறு மாதக் குழந்தையிலேயே இருந்திருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டார்.

மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணுக்குள் கட்டி. புற்று. பெரிதாகிவிட்டது, அந்தக் கண்ணில் இனி பார்வை கிடையாது, வலது கண் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். கண்ணை எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் நரம்பு வழியாக மூளைக்கு ஏறும் என்றும் சொன்னார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“ஏற்கெனவே ஏறியிருந்தா?”

“எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் தெரியும்மா. ஸ்கேன்ல அப்படித் தெரியல” என்றார்.

கண்ணுக்காக அழ எனக்கு நேரமில்லை. உயிரைப் பற்றிய பயம் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டு போகும்போது பாப்பா நர்ஸின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து விளையாடிக்கொண்டே போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் பாதி கட்டு. டெஸ்ட் முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் போன் மணி அடித்தாலே நான் பாப்பாவை மடியில் இழுத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் போனை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்ப்பார். முதல் பிறந்தநாள் அந்த நாட்களுக்குள் வந்து போனது. சந்து முனையில் வேறு யாருக்கோ பேனர் கட்டியிருந்தார்கள்.

முடிவு வந்தது. நரம்புக்கு ஏறவில்லை. டாக்டர் சொன்னதும் என் வீட்டுக்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஆயித்தல்லா, ஆயித்து” என்று, முடிந்துவிட்டதே என்று யாரிடமோ சொல்வதுபோல், கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் டாக்டரிடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவர் இன்னொரு தடவை சொன்னார். வலது கண்ணை இனி விடாமல் கவனித்துக்கொண்டு வர வேண்டும், சில குடும்பங்களில் இது வழிவழியாக வரக்கூடும், அதனால் கூடப்பிறந்தவர்களின் சின்னப் பிள்ளைகளையும் ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றார்.

என் நாத்தனார் பெங்களூரிலேயே அடுகோடியில் இருக்கிறார். அவருக்கு இரண்டு வயதில் ஒரு பையன். போன் செய்து சொன்னேன். “அவனுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கான்” என்று இழுத்தார். பாப்பாவும் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை என்னால் பொறுக்க முடியாது, இப்போதே ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன்.

படம் வந்தது. பையன் பல் தெரியச் சிரிக்கிறான். இரண்டு கண்ணும் கறுகறுவென்று அழகாக மின்னின.  உடனே கூப்பிட்டேன்.

“அக்கா, எடிட் பண்ணீங்களா?”

“கண்ணு அசிங்கமா விழுந்துதும்மா. போன்லயே முகத்தை மொத்தமா சரி பண்ற பட்டன் இருக்குதே, தட்டினேன்.”

“தட்டறதுக்கு முன்னாடி ரெண்டு கண்ணும் சிவப்பா இருந்துதா?”

அந்தப் பக்கம் பையனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“பார்க்கலியே” என்றார் நாத்தனார். அவர் குரல் மாறிவிட்டது.

“திரையை இழுத்து மூடிட்டு, ஃப்ளாஷ் போட்டு எடுங்க. எதையும் தொடாம அப்படியே அனுப்புங்க” என்றேன்.

போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மணி அடித்தது. திறக்க முடியவில்லை. என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் திறந்து, விரலால் பெரிதாக்கி, நிறைய நேரம் பார்த்தார்.

“செவப்பு. ரெண்டும் செவப்பு” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். நல்ல ரத்தச் சிவப்பு. இரண்டு கண்ணும். ஒரு பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சந்தோஷம்தான் வந்தது. அதோடு, ஏன் என் பிள்ளைக்கு மட்டும் என்று வயிறும் எரிந்தது. ‘நல்லா இருக்கு அக்கா, ஆனாலும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க’ என்று அனுப்பினேன். எங்கள் பாப்பாவும் பிறந்த புதிதில் இப்படித்தான் விழுந்திருப்பாள், இரண்டு கண்ணும் செக்கச்செவேல் என்று. நான் பட்டனைத் தட்டிவிட்டேன். அவளுடைய இடது கண் சிவப்பாக இருக்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.